பள்ளிக்கூடத்தைப் பரிசோதித்த அம்மையார்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று சட்டம் கட்டளையிடுகிறது. அனுப்பாவிட்டால் அபராதம் என்றுகூடச் சில நாடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, அனுப்பிவிட்டோம். அனுப்பிய பிள்ளை அங்கே எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, எந்தச் சுவரில் சாய்ந்து உட்காருகிறது, அந்தச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பூத்திருக்கிறதா, காலையில் துள்ளிக்கொண்டு போன பிள்ளை மாலையில் ஏன் இருமிக்கொண்டு வருகிறது? இவற்றையெல்லாம் கேட்கப் பெற்றவனுக்கு உரிமை உண்டா, இல்லையா? கேட்டால், உன் வீடு சுத்தமாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறார்கள். இன்று நேற்று அல்ல, நூற்றாண்டுக்கும் மேலாக இதுதான் பதில்.

அந்தப் பதிலை ஏற்க மறுத்து, நேரே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, சுவரையும் சன்னலையும் பிள்ளைகளின் உடம்பையும் பார்த்துவிட்டு வந்து ஆட்சியாளரை உலுக்கிய பெண்மணி ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். மார்கரெட் மக்மில்லன் என்பது பெயர். பாட்டாளிகளின் வாக்கால் பதவிக்கு வந்தவர். பதவி பறிக்கப்பட்ட பிறகும் வேலையை விடாதவர்.

1860 ஜூலை 20ஆம் நாள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். 1865இல் ஸ்கார்லெட் ஜுரம் அந்த வீட்டுக்குள் புகுந்தது. தந்தையைக் கொண்டு போயிற்று. தங்கையைக் கொண்டு போயிற்று. ஐந்து வயது மார்கரெட்டை உயிரோடு விட்டுச் சென்றாலும் காதைப் பறித்துக்கொண்டது. தாய் எஞ்சிய இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்குத் திரும்பினார். செவி கேளாத சிறுமியாகவே மார்கரெட் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பதினான்கு வயது வாக்கில்தான் மீண்டும் கேட்கத் தொடங்கியது. மந்தமான பிள்ளை என்று ஆசிரியர் முத்திரை குத்தும் பிள்ளைக்கு மூளையில் குறையா, காதில் குறையா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என அவர் பிற்காலத்தில் ஓயாமல் வாதாடியதற்கு ஏட்டறிவு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

இவருக்கு ரேச்சல் என்றோர் அக்காள். ஒரு வயது மூத்தவர். இருவரையும் பிரித்துப் பேசுவது அரிது. சமதர்மக் கொள்கையை முதலில் ஏற்றவர் ரேச்சல்தான். 1888இல் இருவரும் இலண்டனில் கூடினர். தங்கை உள்ளத்திலும் அக்காள் அந்தத் தீயை மூட்டினார். வில்லியம் மாரிஸ் போன்றோர் பேசிய கூட்டங்களுக்குப் போனார்கள். ஆலைப் பெண்களுக்கு மாலையில் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

மார்கரெட்டின் பிழைப்போ சீமான் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது. பிறகு ஒரு பெரும் சீமாட்டியின் மாளிகையில் உடனிருக்கும் வேலை. அந்தச் சீமாட்டிக்கு இவர் குரலும் தோற்றமும் பிடித்திருந்தன. நாடக மேடைக்குத் தயாராக்குகிறேன் என்று செலவு செய்து பயிற்சி கொடுத்தார். 1892 மே தினத்தன்று மார்கரெட் மேடை ஏறினார். ஆனால் அது நாடக மேடை அன்று! ஹைட் பூங்காவில் தொழிலாளர் மேடை! மாளிகை வாசல் அத்தோடு மூடிற்று. வருந்தினாரா என்றால், அதற்கான அடையாளம் எதையும் காணோம்.

அக்காளும் தங்கையும் வடக்கே பிராட்போர்டு நகருக்குப் போனார்கள். கம்பளி நகரம். வானத்தை மறைக்கும் புகைபோக்கிகள். விடியுமுன் ஆலைச் சங்கு. கம்பளி பிரிக்கும் தொழிலாளியைத் தாக்கும் ஆந்திராக்ஸ் நோய்க்குக் கம்பளிக்காரர் நோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட ஊர் இது. 1890 டிசம்பரிலிருந்து 1891 ஏப்ரல் வரை மானிங்காம் ஆலைத் தொழிலாளர் கூலிக் குறைப்பை எதிர்த்துப் பட்டினியோடு போராடித் தோற்ற ஊரும் இதுதான். அந்தத் தோல்வியின் வயிற்றில்தான் 1893 ஜனவரியில் அதே நகரில் சுதந்திரத் தொழிற்கட்சி பிறந்தது. ஆலை முதலாளியிடம் தோற்றவர்கள் வாக்குப் பெட்டியின் பக்கம் திரும்பினார்கள்.

வாக்குப் பெட்டி என்றால் பார்லிமெண்டு மட்டும்தானா? 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊருக்கு ஊர் பள்ளி போர்டு என்று ஒன்று இருந்தது. அந்த நாளில் பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்ணுக்கு வாக்கு இல்லை. பள்ளி போர்டுத் தேர்தலிலோ வரி செலுத்தும் பெண் வாக்களிக்கலாம். பெண் போட்டியிடவும் செய்யலாம். அதில் இன்னொரு விசித்திரம் உண்டு. போர்டில் எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். அத்தனையையும் ஒரே வேட்பாளருக்கே கொட்டிவிடலாம். சிறு கூட்டம் ஒன்றுபட்டு நின்றால் தன் ஆளை உள்ளே அனுப்பிவிட முடியும். 1894இல் பிராட்போர்டுத் தொழிலாளர்கள் அதைத்தான் செய்தார்கள். கட்சியின் வேட்பாளராக நின்ற மார்கரெட் மக்மில்லன் பள்ளி போர்டின் உறுப்பினரானார். ஆலைக்குள் ஆறு மணிக்கு நுழைந்து இரவில் வெளியேறும் தகப்பனும் தாயும் பள்ளிக்கூடத்துக்குப் போய் எதைப் பார்க்க முடியும்? தங்களுக்குப் பதில் பார்த்துவரக் கண்ணுள்ள ஒருவரை அனுப்பினார்கள்.

அந்தக் கண்கள் என்ன கண்டன?

1880லேயே கல்வி கட்டாயம் ஆகிவிட்டது. 1891இல் பெரும்பாலும் இலவசமும் ஆயிற்று. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அந்நாளைய இங்கிலாந்தின் நகரப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு 60 பிள்ளைகள் இருப்பது வியப்பே அன்று. குளிர் நாடு. சன்னலைத் திறந்தால் நடுக்கம். திறக்காவிட்டால் மூச்சுத் திணறல். எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் வரவில்லை என்ற கணக்கு இருந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு மூச்சு வரவில்லை என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று, நுட்பமான ஒரு செய்தியைப் பார்த்துவிடலாம். அறுபது பேர் அடைத்துக்கொண்டு விடும் மூச்சில் நீராவி இருக்கிறது. மழையில் நனைந்து வந்த துணியிலிருந்தும் நீராவி எழுகிறது. அது போக வழி இல்லாதபோது குளிர்ந்த சுவரில் படிந்து நீராகிறது. ஈரச்சுவரில் பூஞ்சணம் வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் காற்றில் மிதந்து பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் போய் அமர்கின்றன. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடத்தில் இருப்போருக்கு ஆஸ்துமாவும் இருமலும் சுவாசக் கோளாறும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. மார்கரெட் அம்மையார் காலத்தில் இந்த ஆராய்ச்சி எல்லாம் ஏது? கெட்ட காற்று பிள்ளையைக் கெடுக்கிறது என்ற அளவே தெரியும். அந்த அளவே போதும் என்று அவர் போராடப் புறப்பட்டார். காற்றோட்டம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், குளிருக்குச் சூடு வேண்டும், குளிக்க நீர் வேண்டும் என்று போர்டுக் கூட்டங்களில் வற்புறுத்திக்கொண்டே இருந்தார்.

அவருக்கு வாய்த்த துணைவர் டாக்டர் ஜேம்ஸ் கெர். 1893இல் பிராட்போர்டு போர்டு இவரைப் பள்ளி மருத்துவராக அமர்த்தியிருந்தது. நாட்டில் அப்படி ஒரு பதவியை உண்டாக்கிய முதல் ஊர்களில் அது ஒன்று. மருத்துவரும் அம்மையாரும் பள்ளி பள்ளியாகப் போனார்கள். பிள்ளைகளின் கண், காது, பல், தொண்டை, தோல் எல்லாம் பார்த்தார்கள். இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் நடந்த முதல் மருத்துவப் பரிசோதனைகளுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. 300 பிள்ளைகளைப் பரிசோதித்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆறு மாதமாக உடுத்த துணியைக் கழற்றவே இல்லை எனத் தெரிந்தது! குளிர்காலம் தொடங்கும்போது மேல்துணியை உடம்போடு வைத்துத் தைத்துவிடுவார்கள். வசந்தம் வந்தால்தான் பிரிப்பது. மாற்றுத் துணி இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

கனவான்கள் முகம் சுளித்தார்கள். பெற்றோர் சோம்பேறிகள், பெற்றோர் குடிகாரர்கள், பிள்ளையைக் குளிப்பாட்டுவது தாயின் கடமை, அதைப் பள்ளிக்கூடம் செய்தால் குடும்பப் பொறுப்பு குலைந்துவிடும், வரிப்பணம் வீணாகும். இதுதான் அவர்கள் வாதம். இந்த வாதத்துக்கு வயதே ஆவதில்லை! அம்மையாரின் எதிர்வாதம் எளிமையானது. ஒரே குழாயில் தெருவே தண்ணீர் பிடிக்கும் குடியிருப்பில், நாள் முழுவதும் வீட்டில் இல்லாத தாய், எந்தத் தொட்டியில், எந்த வெந்நீரில், எந்த நேரத்தில் குளிப்பாட்டுவாள்? கடமையைச் சொல்லும் முன் கடமையைச் செய்ய வசதி வைத்தீர்களா? வீட்டில் இல்லாததைப் பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்தால் எந்தக் குடும்பம் எப்படிக் குலையும்?

1897இல் பிராட்போர்டு வாப்பிங் சாலைப் பள்ளியில் குளிப்பிடம் திறக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் இப்படி ஓர் ஏற்பாடு அந்நாட்டில் அதற்கு முன் இல்லை. குளித்து வந்த பிள்ளை வகுப்பில் விழித்திருந்தது.

விழித்திருந்தது என்று எழுதும்போது, அரை நேரப் பிள்ளைகளின் நினைவு வருகிறது. பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்று ஒரு முறை இருந்தது. 1893 வரை பத்து வயதிலும், பிறகு பதினொன்றிலும், 1899க்குப் பிறகு பன்னிரண்டிலும் பிள்ளையை இப்படி இரண்டாகப் பிளக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. கம்பளித் தூசியில் காலை முழுவதும் நின்ற பிள்ளை மாலையில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிற்று. ஆசிரியர் தட்டி எழுப்ப வேண்டும். கூலிக்கு அனுப்பிய பெற்றோரை இங்கேயும் ஏசினார்கள். அந்தச் சில்லறை வராவிட்டால் அடுப்பு எரியாத நிலையை உண்டாக்கியவர் யார் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். 1918ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்த முறைக்கு முடிவு கட்டியது.

எட்டு ஆண்டுகள் போர்டில் பணியாற்றினார் அம்மையார். பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1902இல் பழமைக் கட்சி அரசாங்கம் கல்விச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்து பள்ளி போர்டுகளை எல்லாம் ஒழித்தது. பள்ளிகள் நகரசபைகளின் கைக்குப் போயின. நகரசபைக்குப் பெண் தேர்ந்தெடுக்கப்படக்கூடாது என்பது அன்றைய சட்டம். 1907 வரை அந்தத் தடை நீடித்தது. தேர்தலில் தோற்கடிக்க முடியாதவரைச் சட்டத்தின் ஒரு பக்கத்தைப் புரட்டி வெளியேற்றிவிட்டார்கள். கமிட்டியில் நியமனம் பெற்று உட்காரலாம் என்று ஒரு சந்து விட்டிருந்தார்கள். மக்கள் கொடுத்த நாற்காலிக்கும் கனவான்கள் நகர்த்திப் போடும் முக்காலிக்கும் வேறுபாடு தெரிந்தவர் அவர். பிராட்போர்டை விட்டு, தெற்கே இருந்த அக்காளிடம் சென்றார்.

ரேச்சல் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இந்தக் கதைக்கு மிகப் பொருத்தமானது. அவர் சுகாதார இன்ஸ்பெக்டராகப் பயிற்சி பெற்று, கென்ட் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று சுகாதாரம் கற்பித்து வந்தார். சாக்கடையையும் கிணற்றையும் காற்றோட்டத்தையும் பார்க்கத் தெரிந்த அக்காள். கண்டதை மேடையிலும் ஏட்டிலும் முழங்கத் தெரிந்த தங்கை. இந்த இருவரும் சேர்ந்ததுதான் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் மூலம்.

இதற்கிடையில் ஆட்சியாளருக்கும் திடீரென்று பிள்ளைகளின் உடம்பின் மீது அக்கறை பிறந்தது. அன்பால் அன்று! 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போனால், வந்த பாட்டாளி இளைஞர்களில் எத்தனையோ பேர் உடம்பு தகுதியற்றது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பல் சொத்தை, மார்பு ஒடுக்கம், கால் வளைவு. சாம்ராஜ்யம் திடுக்கிட்டது. கமிட்டி போட்டார்கள், 1904இல் அறிக்கை வந்தது, பள்ளியில் மருத்துவப் பரிசோதனை வேண்டும், பசித்த பிள்ளைக்கு உணவு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பத்தாண்டுகளாக ஒரு பெண் தொண்டை வரளக் கத்தியபோது கேட்காத காது, துப்பாக்கி தூக்க ஆள் குறைந்தபோது கேட்டது!

எப்படியோ கேட்டதே, அதைப் பயன்படுத்திக்கொள்வோம் என்று தொழிற்கட்சியார் முனைந்தார்கள். 1906இல் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டு வந்த மசோதா சட்டமாயிற்று. பள்ளியில் உணவு வழங்க உள்ளூர் ஆட்சிக்கு அதிகாரம் கிடைத்தது. அம்மையாரின் பிராட்போர்டுத் தோழர் பிரெட் ஜோவட் அப்போது பார்லிமெண்டில் இருந்தார். அந்த அதிகாரத்தை முன்வந்து எடுத்துக்கொண்ட ஊரும் பிராட்போர்டுதான். 1907இல் அங்கே டாக்டர் ரால்ப் கிரௌலி ஒரு சோதனை செய்தார். ஏழைப் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளியில் காலையும் நண்பகலும் உணவு கொடுத்து, வாரந்தோறும் எடை பார்த்தார். எடை ஏறிற்று. விடுமுறை வந்தது, உணவு நின்றது, எடை இறங்கிற்று. மீண்டும் பள்ளி திறந்து உணவு கொடுக்க, எடை மீண்டும் ஏறிற்று. தராசு அரசியல் பேசாது. ஆனால் அந்தத் தராசைவிட அழகாக அரசியல் பேசிய பேச்சாளர் அந்த ஆண்டு பிராட்போர்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்.

1907ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கல்வித் துறைத் தலைமைச் செயலர் ராபர்ட் மோரண்டிடம் மார்கரெட் இதற்காக இடைவிடாமல் வாதாடி வந்தார். வெற்றிதான். ஆனால் பாதி வெற்றி. பரிசோதிப்பது கட்டாயம், நோய் தீர்ப்பது கட்டாயம் இல்லை. உன் பிள்ளைக்குக் காதில் சீழ் என்று தாயிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் போய்விடுவார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாய் எங்கே போவாள்? வைத்தியருக்குக் கொடுக்கக் காசு ஏது?

எனவே மருத்துவமனையையே பள்ளிக்குக் கொண்டுவர முனைந்தார். சோப்பு வியாபாரத்தில் பொருள் ஈட்டிய ஜோசப் பெல்ஸ் என்ற அமெரிக்கர் பணம் தந்தார். 1908இல் இலண்டனின் போ பகுதியில் பள்ளி மருத்துவ நிலையம் ஒன்று தொடங்கியது. 1910இல் அது தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டெப்ட்போர்டுக்கு வந்தது. கால்நடைச் சந்தையும் கசாப்புக் கொட்டகைகளும் நெருக்கமான சந்துகளும் நிறைந்த பகுதி. பல், கண், காது, தோல் என்று பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். மருந்து இட்டார்கள், குணமாயிற்று, அனுப்பினார்கள். சில வாரங்களில் அதே பிள்ளை, அதே புண்ணோடு வந்து நின்றது! மறுபடி மருந்து, மறுபடி குணம், மறுபடி அதே புண். நோய் பிள்ளையின் உடம்பில் இல்லை, பிள்ளை திரும்பிப் போகும் இடத்தில் இருக்கிறது என்பது சகோதரிகளுக்கு அப்போது விளங்கிற்று.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். அதே டெப்ட்போர்டை அடுத்த லூயிஷாம் வட்டாரத்தில், 2013இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்துமாவால் இறந்தாள். மூன்றாண்டுகளில் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளை. வண்டிகள் ஓயாத பெருஞ்சாலை ஒன்றின் அருகே வீடு. மகளைக் கொன்றது எது என்று தாய் தேடத் தொடங்கினார். ஆசிரியையாக இருந்தவர் அவர். முதல் விசாரணை முடிவோடு அடங்கவில்லை; காற்றின் மாசு பற்றிய அளவீடுகளோடு நிபுணரின் துணையைப் பெற்றார்; அந்த முடிவை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்யவைத்தார்; மறுவிசாரணை நடந்தது. 2020 டிசம்பரில், காற்று மாசு அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்நாட்டில் அப்படி ஒரு தீர்ப்பு அதுவே முதல். ஏழு ஆண்டுகள் ஒரு தாய் நடந்தார். டெப்ட்போர்டு மருத்துவ நிலையத்தின் வாசலில் மறுபடியும் மறுபடியும் பிள்ளையோடு வந்து நின்ற தாய்மார்களின் அதே கேள்வியைத்தான் அவரும் சுமந்து நடந்தார்.

கதைக்கு வருவோம். வீட்டை மாற்றும் அதிகாரம் சகோதரிகளிடம் இல்லை. இரவை மட்டுமாவது மாற்றுவோம் என்றார்கள். 1911இல் தாங்கள் இருந்த வீட்டுப் பின்கட்டில், திறந்த வெளியில் கட்டில்களைப் போட்டு, பெண் பிள்ளைகளை மாலையில் வெந்நீரில் குளிக்க வைத்து, அங்கே தூங்க வைத்து, காலையில் உணவு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இடம் தேடியபோது மாதாகோயில் கல்லறைத் தோட்டம் கிடைத்தது. செத்தவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. உயிரோடு இருந்த பெரிய மனிதர்கள் சொன்னார்கள். முகாமை எடுக்க வேண்டியதாயிற்று.

பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளையின் உடம்பு கெட்டுவிடுகிறது என்பதையும் கண்டார்கள். 1914 மார்ச்சில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்காகத் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஒரு நாள் முன்னறிவிப்பில் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு நகராட்சி நிலம் கிடைத்தது. ஒரு பக்கம் சுவரே இல்லாத கொட்டகைகள், நடுவில் தோட்டம், செடி, காய்கறி, குளிப்பதற்குத் தொட்டி. கல்லும் செங்கல்லும் அடுக்கி நூறாண்டு நிற்கும் பள்ளிக்கூடம் கட்டாதீர்கள், அறிவு வளர வளர மாற்றிக் கட்டக்கூடிய எளிய கொட்டகை போதும் என்பது மார்கரெட்டின் கொள்கை. கட்டடம் கட்டுவதில் காண்டிராக்டருக்கு உள்ள ஆர்வத்தை அறிந்தவர்களுக்கு, இந்தக் கொள்கை ஏன் பரவவில்லை என்று விளக்கத் தேவையில்லை.

சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் இருந்தது. ஓராண்டுக்குள் அது மறையக் கண்டார்கள். ஏன் மறைந்தது என்று அப்போது யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. 1919இல்தான் பெர்லினில் ஹல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர் புற ஊதாக் கதிரால் அந்த நோய் தீரும் என்று காட்டினார். வைட்டமின் டி பற்றிய அறிவு அதற்குப் பின்னரே வந்தது. விஞ்ஞானம் வந்து சேரும் முன்பே டெப்ட்போர்டுக் குழந்தைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் உலகப்போர் மூண்டது. தாய்மார்கள் வெடிமருந்து ஆலைகளுக்குப் போனார்கள். குழந்தைகளின் தொகை பெருகிற்று. அரசாங்கத்தின் உதவித்தொகையும் வந்தது, போர் வந்ததனால்! உழைத்து உழைத்து ஓய்ந்த ரேச்சல் 1917 மார்ச் 25இல், தம் பிறந்த நாளன்றே மறைந்தார். தங்கை அந்தப் பள்ளிக்கு அக்காளின் பெயரையே சூட்டினார். 1918ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பள்ளிகளுக்கு இடம் தந்தது. 1923இல் அமைந்த குழந்தைப் பள்ளிச் சங்கத்துக்கு மார்கரெட்டே முதல் தலைவர்.

கடைசிக் காலத்தில் அரச குடும்பத்தின் ஆதரவும் பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. பழமைக் கட்சியின் ஆஸ்டர் சீமாட்டி உற்ற நண்பரானார். 1930இல் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க ரேச்சல் பெயரால் எழுந்த கல்லூரியை மேரி அரசியார் திறந்து வைத்தார். ஹைட் பூங்காவில் முழங்கியவர் மாளிகைகளின் விருந்தாளி ஆகிவிட்டாரே என்று பழைய தோழர்களில் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கக் கூடும். எமக்கு அப்படித் தோன்றவில்லை. மாளிகையிலிருந்து அவர் எடுத்து வந்ததெல்லாம் டெப்ட்போர்டுச் சந்துக்குத்தான் போயிற்று. வேண்டுமானால் ஒன்று சொல்லலாம். சீமாட்டிகளின் தயவால் ஒரு பள்ளி செழிக்கும். ஊருக்கு ஊர் பள்ளி செழிக்கச் சட்டம் வேண்டும், வரிப்பணம் வேண்டும். 1894இல் அதை நன்றாக அறிந்திருந்த அம்மையார், வயதான காலத்தில் அதற்குக் கொடுக்கவேண்டிய அழுத்தத்தைக் கொடுக்கவில்லை. 1920களில் சிக்கனம் என்று சொல்லி அரசாங்கம் குழந்தைப் பள்ளிகளுக்குக் கையை இறுக்கியபோது, அந்தக் குறையின் விலை தெரிந்தது.

1931 மார்ச் இறுதியில், எழுபதாம் வயதில் மார்கரெட் மக்மில்லன் காலமானார். இலண்டன் பிராக்லி கல்லறையில், அக்காள் ரேச்சலோடு ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள்.